கோழிக்கூட்டின் மேலிருந்த வலை

மாமாவின் புதிய வலை கிழிந்ததற்குக் காரணம் நான்தான் என்று மாமி ஒரு மாதம் வரை நம்பினார்.

வந்தாறுமூலையில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, நாவற்குடாவில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் வாவியில் மீன் பிடிப்பவர். புதிதாக வாங்கிய தங்கூசி வலையை, அந்த மெல்லிய நைலோன் வலையை, அவர் முற்றத்தில் விரித்தபோது, "என்ன மினுக்கம் மாமா!" என்று சொல்லிவிட்டேன். கண்பட்டுவிடும் என்று புது வலையை யாரும் வாய்விட்டுப் புகழ்வதில்லை என்பது நினைவில் இருக்கவில்லை. மூன்றாம் வாரமே அது கிழிந்தது.

மாமி உப்பும் செத்தல் மிளகாயும் என் காலடி மண்ணும் எடுத்து, வலைக்குச் சுற்றிக் கண்ணூறு கழித்து அடுப்பில் போட்டார். மாமா அதே கொம்பனியின், மீன் படச் சிட்டை ஒட்டிய இன்னொரு வலை வாங்கினார். அதுவும் கிழிந்தது.

"கோவிக்காத புள்ள. கொஞ்ச நாளைக்கு நீ கரைப்பக்கம் போகாத" என்றார் மாமி.

தோணி வந்ததும் மாமாவுடன் மீனைத் தெரிந்து பிரிப்பது என் வழக்கம். அது நின்றது. வருத்தத்தைவிடச் சந்தேகமே மிகுந்தது. அயல் வீடுகளில் விசாரித்தேன். அங்கும் அதே கொம்பனியின் கிழிந்த வலைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கண் குற்றவாளியாகியிருந்தது. கொம்பனியை ஒருவரும் நினைக்கவில்லை.

சிட்டையில் 'மேம்படுத்தப்பட்டது' என்று புதிதாக ஒரு சொல் இருந்தது. யாருக்காக மேம்படுத்தினார்கள்? நூல் ஒரேயடியாக மெலிந்தால் கை உணரும். ஆண்டுக்குச் சிறிதாக மெலிந்தால் கையும் பழகிவிடும். அப்படித்தான் நடந்திருக்குமோ என்று எண்ணினேன். ஆனால் மாமியின் நம்பிக்கையைப் பரிகசித்துவிட்டு அந்த வீட்டில் இருக்க முடியாது.

கோழிக்கூட்டை மூடியிருந்தது அதே கொம்பனியின் பழைய வலை. கல்லில் மாட்டிக் கிழிந்ததால் ஒதுக்கியது. அதில் ஓர் இழையும் புதியதில் ஓர் இழையும் அறுத்து மாமாவிடம் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார். பழையது விரலை வெட்டியது. புதியது பட்டென்று அறுந்தது.

மாமா மாமியைப் பார்த்து, "இஞ்ச பாரு, கொம்பனிக்காரன்ட கண்ணுக்கு எவ்வளவு மிளகாய் வேணும்?" என்றார்.

"மிளகாய் கிடக்கு. அவன்ட காலடி மண்ணுக்கு எங்க போற?"

மறுநாள் புதிய வலை கோழிக்கூட்டின் மேல் ஏறியது. பழையதன் ஓட்டைகளைப் பொத்தி முடித்ததும் மாமா என்னை அழைத்தார்.

"வா புள்ள, தோணிக்குத் தூக்குவம். ஆனா வாயத் திறந்திராத."