மாடு தேடி வந்தவர் கேட்ட கேள்வி

நேப்பாள மலையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. மலேசியாவின் ஈப்போவில் தனியாக வசிக்கும் நான், குளிருக்குச் சட்டை, மாற்று டயர் என்று எல்லாம் வாங்கிவிட்டேன். பழகுவதற்குக் கோப்பெங் பக்கம் உள்ள பழைய ரப்பர் தோட்டத்து மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். இந்த வயதில் இறுக்கமான கால்சட்டையோடு என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று, பழம் வெட்ட ஆள் வராத ஞாயிற்றுக்கிழமையில் போனேன்.

இறக்கத்தில் ஈர மட்டையில் சக்கரம் வழுக்கி, கால்வாயில் விழுந்தேன். கால் அசையவில்லை. கைப்பேசியில் லைன் இல்லை. கத்திக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மாலையில், காணாமல்போன மாட்டைத் தேடி மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார்.

"மாடுன்னு நெனச்சேன் அண்ணே!" என்று சிரித்தபடி என்னைத் தூக்கினார். "வீட்ல தேடுவாங்கல்ல. மேட்டுல லைன் இருக்கு, யாருக்குப் போன் போடணும்?"

யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

அவர் என்னை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டார். "பரவால்லண்ணே, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வாரேன்," என்றார்.

கால் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் கிளம்பும்முன், தினமும் பசியாறும் கடையின் அக்காவிடம் போகும் இடத்தைச் சொல்கிறேன். முதல் முறை சொல்ல மிகவும் கூச்சப்பட்டேன்.

"இருட்டுறதுக்குள்ள வந்துருங்க. இல்லாட்டி ஆள் அனுப்புவேன்லா," என்றார் அவர்.

நேப்பாளப் பயணத்தை நான் கைவிடவில்லை. போய்ச் சேர்ந்ததும் அழைத்துச் சொல்ல இப்போது என்னிடம் ஓர் எண் இருக்கிறது.