அசை பிரித்த வருத்தம்

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரருக்கு, அதாவது நோயாளிக்கு, வருத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை. சுற்றியிருப்பவர்கள் அதை ஆங்கிலத்தில் கதைத்துக்கொள்வார்கள். மனைவிக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போனபோது நானும் அதைத்தான் செய்தேன். தொண்டையில் வீக்கம், மாறிவிடும் என்று அவளிடம் சொன்னேன். பேச்சு இனி முழுதாகத் திரும்பாது என்று டொக்டர் சொன்னதை மறைத்துவிட்டேன்.

கிளினிக் கொப்பியில் அவர் எழுதியிருந்த சொல் 'அஃபேசியா'. கிரேக்கத்திலிருந்து வந்தது, பேச்சில்லாமை என்று பொருள். நான் முப்பது வருடம் உரும்பிராயில் ஆங்கிலம் படிப்பித்தவன். ஒரு சொல்லை அசை பிரிக்காமல் விட எனக்குத் தெரியாது. அ-ஃபே-சி-யா. நாலு அசை, இரண்டாவதில் அழுத்தம். வகுப்பில் மேசையில் தட்டிக் காட்டுவதுபோல அவளுடைய கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி, கனடாவிலிருந்து போனில் கதைத்த மகனுக்குப் பொருளோடு சொன்னேன்.

"அப்பா, இஞ்சை 'அஃபேஷா' எண்டுதான் சொல்லுகினம். மூண்டு அசை."

"உவங்கள் ஒண்டை விழுங்கிப்போட்டாங்கள். நாலு."

அடுத்த நாளும் அதே தர்க்கம். அதற்கடுத்த நாளும். அவனுக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்திருக்கும். நான் அசையை விட்டு நகரவில்லை. அந்த நாட்களில் எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. உடம்பு தன்பாட்டில் எழும்பித் தேத்தண்ணி போட்டது, அவளைத் துடைத்துவிட்டது, கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனது.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போய்ச் செந்தூரம் கொண்டு வந்தார். அவளுடைய நெற்றியில் வைத்துவிட்டு, "பிள்ளை, உனக்கு என்ன வருத்தமாம்?" என்று அவளையே கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "தொண்டையிலை வீக்கம் அக்கா. கெதியா மாறிடும்."

அவளுடைய இடது கை எழுந்து கட்டில் சட்டத்துக்குப் போனது. ஒரு தட்டு. இரண்டாவது பலமாக. மூன்று. நாலு. பிறகு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி வேணுமாமோ?" என்றார் அக்கா.

"இல்லை."

அவர் போனபிறகு கட்டிலில் இருந்தேன். "உமக்குப் பேச்சு முழுசாத் திரும்பாதாம். டொக்டர் அப்பவே சொன்னவர்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. நானும் மகனும் அவளுடைய தலைக்கு மேலால் மூன்றா நாலா என்று சண்டை பிடித்த அத்தனை நாளும், அவள் எல்லாம் தெரிந்துகொண்டு தனியாகக் கிடந்திருக்கிறாள்.