தலையை ஆட்டினால் தின்னலாம்

மகள் கல்யாணமாகித் தேனிக்குப் போகும்போது, தான் வளர்த்த நாய்க்குட்டியை என்னிடம் விட்டுப் போனாள். "அப்பா, திராட்சை மட்டும் இது வாயில படக்கூடாது. சில நாய்க்கு அது விசம். கிட்னி போயிரும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பவனிடம் சொல்லும் பேச்சா இது? எங்கள் பந்தலுக்கு அடியில் காய்ப்புக் காலத்தில் உதிர்ந்த பழம் கிடக்காத இடம் கிடையாது. என் மனைவி சிரித்தாள். "ஊரு நாயெல்லாம் தின்னுட்டுத்தான் திரியுது. இது மட்டும் கலெக்டர் வீட்டு நாயாக்கும்."

எந்நேரமும் கட்டிப்போட எனக்கு மனமில்லை. மகள் செல்போனில் அனுப்பிய வீடியோவில் ஒரு மலையாளப் பெண், நாயை அடிக்காமல், அதட்டாமல் பழக்கினார். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன காலத்தில் கற்ற மலையாளம் எனக்கு உதவியது. நாய் சொன்னபடி செய்ததும் அந்த நொடியிலேயே சந்தோஷமாக 'குட்' என்று சொல்ல வேண்டும். உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அந்த 'குட்' தான் வரவில்லை. நாயைக் கொஞ்சுவது யார் காதிலாவது விழுந்துவிட்டால்? அதனால் சொல்லுக்குப் பதிலாகத் தலையை ஆட்டினேன்.

முதலில் பழத்தைத் தரையில் வைத்துக் கையால் மூடிக்கொள்வேன். நாய் மோந்து பார்க்கும், கையைப் பிராண்டும், சலித்துப்போய் என் முகத்தைப் பார்க்கும். பார்த்ததும் தலையை ஆட்டி, சட்டைப்பையில் இருக்கும் அவித்த முட்டைத் துண்டைக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் கையை எடுத்துவிட்டேன். அது பழத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. சோற்றுத் தட்டின் முன்னாலும் உட்கார்ந்து, நான் தலையை ஆட்டிய பிறகுதான் வாய் வைக்கும்.

பக்கத்துத் தோட்டத்து மச்சான் ஒருநாள் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, நாய்க்கு டியூசனா? பத்தாவது பெயிலானவன்ட்ட படிச்சா அதும் பெயிலுதான்!"

கையிலிருந்த முட்டைத் துண்டை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அது பெயிலாகவில்லை. பழம் வெட்டும் நாளில்கூட, உதிர்ந்து கிடந்ததைத் தாண்டித் தாண்டி என் பின்னால் வந்தது. மச்சானே ஒரு குலையை அதன் முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, பாசாயிருச்சுப்பா" என்றார்.

பக்கத்தில் இருக்கும் அருவிக்குப் போகிறவர்கள் வழியில் தோட்டத்துக்குள் வந்து படம் எடுத்துக்கொண்டு, பழமும் வாங்கிப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. நான் அவர்களுக்குப் பழம் நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா ஒரு சின்னக் கொத்தைப் பிய்த்து நாயிடம் நீட்டினார். நாய் உட்கார்ந்தது. பழத்தைத் தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது.

"அய்யோ, உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடுமா! நீங்களா அண்ணா பழக்குனீங்க?"

புது ஆட்கள் பேசினால் எனக்கு வாய் வராது. தலைதான் ஆடும். ஆடியது.

நாய் கொத்தைத் தின்றது. அவர் ஆசையாக இன்னொன்றை நீட்டினார். "குடுக்காதீக" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. தராசை வைத்துவிட்டு ஓடிச் சேர்வதற்குள் அதுவும் முடிந்திருந்தது.

ஊர் நாயெல்லாம் தின்கிறதே, இதற்கும் ஒன்றும் ஆகாது என்று சாயங்காலம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருட்டும் நேரத்தில் வாந்தி எடுத்தது. காலையில் ஆட்டோ பிடித்துக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். "நேத்தே கொண்டாந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கில் படுக்கவைத்தோம். அவித்த முட்டையை அதன் வாயருகே வைத்தேன். என் முகத்தைப் பார்த்தது. தலையை ஆட்டினேன். மறுபடியும் ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு என்னைப் பார்க்கவும் இல்லை.

கலெக்டர் வீட்டு நாய் என்று கேலி பேசியவள்தான் அன்றைக்கு அதிகம் அழுதாள். "அவுக தெரியாம ஆசையில குடுத்தாக. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

பழம் வாங்க வருகிறவர்கள் இப்போதும் ஏதாவது கேட்டால் என் தலை தானாக ஆடுகிறது. ஆடிய உடனே குனிந்து காலடியைப் பார்க்கிறேன்.