ஏன் டீச்சர்

“துரத்தினாங்களா? யாரு, என் மருமகளையா? நீ போய்ப் பார்த்தியா?”

எதிர்வீட்டுத் தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே, “ஊரே பேசுது பெரியம்மா. பள்ளிக்கூடத்துல வேலை போனதாலதான் வீட்டுல டியூஷன் எடுக்குறாங்களாம்,” என்றாள்.

“ஊருக்கு வாய் வலிக்காது. அவளை நான் நாலு வார்த்தை சொல்லலாம். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.”

சொல்வதற்கு மாமியாரிடம் நிறையத்தான் இருக்கிறது. சமூக அறிவியல் என்று பெயர், மாலையானால் கூடத்தில் ஒரே கூச்சல். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்பதால், பிள்ளைகள் மருமகளுக்கு வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்; அதிலேயே விரலைத் தோய்த்து மேசையில் ஆறும் மலையும் வரைவாள். கறையைத் துடைப்பது யார்?

ஒருநாள், அவரவர் வீட்டிலிருந்து வரும் வழியை மேப்பாக வரையச் சொன்னாள். ஒரு வாண்டு, தெருநாயைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக வரைந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. “போடுறவன் எதுக்குப் பயப்படுறானோ அது பெருசாத்தான் இருக்கும். ராஜாக்கள் போட்ட மேப்பையும் இனிமே அப்படிப் பாருங்க.” இன்னொரு நாள், பேனாவுக்காகக் கட்டிப் புரண்ட இருவரை இடம் மாற்றி உட்கார வைத்து, ஒருவன் கட்சியை இன்னொருவனைப் பேச வைத்தாள். அதற்குப் பெயர் வரலாறாம். சமையலறையில் நின்று கேட்ட மாமியாருக்கு, தன் நாத்தனாரோடு பேச்சை நிறுத்தி எத்தனை வருஷம் என்று திடீரென்று உறுத்தியது.

முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் இடமிருக்கவில்லை. பதிலைப் பலகையில் எழுத வேண்டும், பிள்ளைகள் உருப்போட வேண்டும். தினமும் தலைவலியோடு வந்து, தட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். அவள் இளைத்துக்கொண்டே போனதுதான் மாமியாருக்குக் கவலை.

அப்போது ஒருநாள், அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போன மாமியார், தலைமையாசிரியை அறை வாசலில் பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே நடந்த பேச்சு காதில் விழுந்தது. போர் ஏன் மூண்டது என்ற கேள்விக்கு ஒரு பெண், ‘இரண்டு ராஜாவுக்கும் ஒரே துறைமுகம் வேண்டும். கேட்டால் கொடுக்க மாட்டார்கள்’ என்று பரீட்சையில் எழுதியிருந்தாளாம். மருமகள் முழு மார்க் போட்டுவிட்டாள்.

“புத்தகத்துல இருக்குற அஞ்சு காரணத்துல ஒண்ணுகூட எழுதலை. அடிச்சிட்டு முட்டை போடுங்க.”

“அஞ்சையும் சேர்த்துப் படிச்சா இதுதான் மேடம் வருது.”

“நல்லா யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லுங்க.”

“யோசிச்சிட்டேன் மேடம். நாளைக்கு வரல.”

சம்பளம் போச்சே! எப்படியும் அழுதுகொண்டுதான் வருவாள் என்று மாமியார் முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வந்தவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, “அத்தை, பசிக்குது,” என்றாள்.

இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம்! மாமியாருக்கு அப்பாடா என்றிருந்தது. “எந்திரி, போலாம்.”

ஓசைப்படாமல் சாத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தலைமையாசிரியை உத்தரவு போட்டிருந்த, பள்ளிக்கூட வாசலின் கனத்த கதவு அது. மருமகள் அத்தைக்கு வழிவிட்டுத் தானும் வெளியே வந்து, பிடியிலிருந்து கையை எடுத்தாள். தடார் என்று அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.