பிளெக்ஸுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

வேதியியல் துறை சைக்கிள் கொட்டகையில் ஒரு சேலைத் தொட்டில் தொங்குகிறது என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறையில் நான் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் வேறு ஆள் கிடைக்காததால் என்னையே வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். தொட்டிலில் ஒரு வயதுப் பையன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கினான். தொட்டிலில் கட்டிய கயிறு ஜன்னல் வழியாக ஆய்வுக்கூடத்துக்குள் போனது. மறுமுனை ஆராய்ச்சி மாணவி கனகாவின் கணுக்காலில் இருந்தது. கையில் அமிலம், காலில் தாலாட்டு.

"அமிலப் புகை அடிக்கிற இடத்துல புள்ளையப் போட்டிருக்கியே, அறிவிருக்கா?" என்றேன்.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது சிஸ்டரம்மா. அதைப் பாத்துத்தான் கட்டுனேன்" என்றாள்.

அவள் பேச்சு அப்படித்தான். எதற்கும் பதில் இருக்கும், முகத்தில் சிரிப்பும் இருக்கும். அவளுடைய அப்பா கருப்பும் அம்மா தங்கப்பொண்ணும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் வயலில் இருக்க வேண்டிய தங்கப்பொண்ணால் பேரனைப் பார்த்துக்கொள்ள முடியாது. கனகாவின் கணவன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறான், வாரம் ஒருமுறைதான் வருவான். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஏன் இவ்வளவு உப்பு என்பதுதான் கனகாவின் ஆராய்ச்சி. படிப்பைக் கைவிட அவள் தயாராக இல்லை.

தொட்டில் துறைத்தலைவர் கண்ணில் பட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இனிமேல் பிள்ளையோடு ஆய்வுக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு நிதி தருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பயன்படும் ஒரு திட்டத்தை மாணவர்களே போட்டு, மாணவர்களே நடத்த வேண்டும். அந்த முறை ஒருவன் ரோபோ கேட்டான், ஒருத்தி சூரிய ஒளி விளக்கு கேட்டாள். கனகா பிள்ளைக் காப்பகம் கேட்டாள்.

தேர்வுக் குழுவில் ஒருவர், "இதில் ஆராய்ச்சி எங்கேம்மா இருக்கு?" என்றாராம்.

"இது இருந்தாத்தான் சார் என் ஆராய்ச்சியே இருக்கும்."

நிதிக்குத் தலைவர் நல்லகாமன், எங்கள் ஊர்க்காரர், சிங்கப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர். ஒரு பருவத்துக்கு மட்டும் சம்மதித்தார். பருவ முடிவில் நேரில் வருவேன், பிள்ளைகள் இருந்தால் தொடரும், வெறும் அறையாக இருந்தால் பூட்டிவிடுவோம் என்றார். பூட்டினால் கனகாவும் வீட்டோடு போக வேண்டியதுதான்.

பழைய ஸ்டோர் ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காப்பகத்தைத் திறந்தோம். திட்டத்தை நடத்தியது கனகாதான்; பிள்ளை பார்க்கும் பயிற்சி பெற்றவள் என்பதால் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். ஆராய்ச்சி மாணவிகளின் பிள்ளைகள் வந்தன, துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகள் வந்தன, ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் பாண்டிமீனாவின் மகளும் வந்தாள். கூச்சல், ஈரத்துணி, சிந்திய சோறு. எனக்கு அது பிடித்த வேலை.

எல்லாம் நன்றாக நடக்கும்போதுதான் கனகா ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஊரில் காதுகுத்துக்கே தெருவை மறைத்து பிளெக்ஸ் கட்டுவார்கள். நன்றி சொல்ல பிளெக்ஸ் இல்லையென்றால் எப்படி? நடுவில் கோட்டுப் போட்ட நல்லகாமன், சுற்றிலும் காப்பகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'நாளைய விஞ்ஞானி', 'வருங்காலத் துணைவேந்தர்' என்று பட்டம். தாய்மார்களும் படங்களைச் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள். அதை மெயின் கேட்டில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கட்டினாள்.

அடுத்த வாரம் பாண்டிமீனாவின் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் இன்னொரு பிள்ளைக்கு. ஊரெல்லாம் சளிக்காலம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"பஸ்ஸுல போறவன் வாரவன் கண்ணெல்லாம் புள்ளைக மேலதான் சிஸ்டர். இம்புட்டுப் பெரிய படத்துல வச்சா தாங்குமா?" என்றாள் பாண்டிமீனா.

பிள்ளைகள் குணமான பிறகும் ஒருத்தியும் கொண்டுவந்து விடவில்லை. கனகாவின் பையன் மட்டும் தனியாகப் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். நல்லகாமன் வருவதற்கு ஒரு நாள்தான் இருந்தது.

"அந்த பிளெக்ஸைக் கழற்று" என்றேன்.

"கழட்டுனா, கண்ணு பட்டது நெசம்னு நாமளே ஒத்துக்கிட்டு, பரிகாரமும் பண்ணாம விட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் எவளும் வர மாட்டா" என்றாள். சற்று நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு எலெக்ட்ரீஷியனிடம் ஏணியும் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்டும் வாங்கிக்கொண்டு நேரே ஹாஸ்டல் சமையற்கட்டுக்குப் போனாள்.

"ஏய் பாண்டிமீனா, வா. ஒம்மகளுக்கு எந்தக் கன்னத்துலன்னு நீயே சொல்லு."

கனகா ஏணியில் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் கட்டுப் போட வேண்டியவளும் நான்தானே. கீழே தாய்மார்கள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எடது கன்னம்டி! இன்னும் கொஞ்சம் கீழ!"

"எம்புள்ளைக்கு நெத்தியிலயும் ஒண்ணு வையி!"

"அவ மகனுக்கு மட்டும் பெருசு, எம்மகளுக்குக் கடுகு மாதிரியா?"

எல்லாப் பிள்ளைக்கும் வைத்து முடித்தபோது பாண்டிமீனா கத்தினாள்: "நடுவுல இருக்க அண்ணனுக்கும் வையி! அம்புட்டுப் பேரு கண்ணும் மொதல்ல அவருமேலதான் விழும்!"

கனகாவுக்குச் சிரிப்பில் பிரஷ் வழுக்கியது. நல்லகாமனின் கன்னத்தில் பொட்டு உளுந்தவடை அளவுக்கு விழுந்தது.

மறுநாள் காலையில் காப்பகம் நிறைந்துவிட்டது. பத்து மணிக்கு நல்லகாமன் காரை விட்டு இறங்கி பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். கூட வந்த பேராசிரியர்களுக்கு வியர்த்தது.

"யாரு வச்சது?"

"நாந்தான் சார்" என்றாள் கனகா. அன்றுதான் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"இம்புட்டுப் பெருசாவா?"

"பெரிய மூஞ்சிக்குப் பெரிய பொட்டுண்ணே" என்றாள் பாண்டிமீனா.

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். காப்பகத்துக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை அவர் கண்ணாடியைப் பிடுங்கியது, இன்னொன்று மடியை நனைத்தது. "இதைப் பூட்டுனா என்னை ஊருக்குள்ள விட மாட்டீங்க போலயே. தொடர்ந்து நடக்கட்டும்" என்றார்.

புகைப்படம் எடுக்க எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். நல்லகாமன் சுற்றிப் பார்த்து, "திட்டம் போட்ட பிள்ளை எங்கே?" என்றார்.

"அவ மகன் தூங்கிட்டான். லேபுக்குப் போயிட்டா" என்றேன்.

கூப்பிடட்டுமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் இரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. எனக்கும் படத்துக்கு நிற்க நேரமில்லை.