திருத்தத் திருத்த முன்சீப்

பருத்திப்பட்டு தாட்சாயிணிக்கு முப்பத்திரண்டாவது வயதில் படம் எழுதும் ஆசை வந்தது. 1938-ஆம் வருஷம், மாசி மாதம். பூந்தமல்லி பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையின் சாமான்களை, அவள் கணவன் நாகேந்திரன் தன் மாட்டுவண்டியில் ஆவடி ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனான். எந்தப் பெட்டியிலும் அடங்காத ஓர் எண்ணெய்ப் படத்தைத் துரை வண்டியிலேயே விட்டுவிட்டார்.

படத்தில் ஓர் அறை. ஜன்னலோரம் நாற்காலியில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கையில் கண்ணாடித் தம்ளருடன் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. இரண்டு நாள் அதையே பார்த்த தாட்சாயிணி, "நானும் இத்த அப்படியே எய்தப் போறேன்" என்றாள்.

"எய்து. என் வண்டி அச்சுக்குப் போடற மையத் தொடாதே" என்றான் நாகேந்திரன்.

எண்ணெய்ப் படம் என்றால் நல்லெண்ணெய் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாக்கை இழுத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசி, செங்கல் பொடியையும் மஞ்சளையும் கரியையும் நல்லெண்ணெயில் குழைத்து எழுதினாள். படம் காயவே இல்லை. துரை நாளுக்கு நாள் நாற்காலியிலிருந்து சரிந்து, எட்டாம் நாள் தரைக்கு வந்துவிட்டார். எறும்பு வரிசை ஒன்று அவர் சட்டைக் கையில் நுழைந்து முழங்காலில் வெளியே வந்தது.

அம்பத்தூரில் ஜட்கா வண்டிகளுக்குச் சாயம் அடிக்கும் கங்காதரன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அது தாளிக்கிற எண்ணெய், அக்கா. ஆளிவிதை எண்ணெய்தான் காயும்" என்று ஒரு புட்டியும், மிச்சமிருந்த சாயங்களும் கொடுத்தான். அவற்றில் ரோஜா நிறம் இல்லை. ஆகவே துரையின் முகத்தை ஜட்காவின் பழுப்பிலேயே எழுதினாள்.

இந்தத் தடவை காய்ந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மா எட்டிப் பார்த்தவள், சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "முன்சீப் ஐயா இங்க இன்னா பண்ணிகினு கீறாரு?"

கிராம முன்சீப் உலகநாதன் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். மத்தியானமே குடையோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? என் கையில இன்னா கிளாசு?"

"அது நீங்க இல்லீங்க. துரை."

"துரை என் மூஞ்ச எதுக்கு வெச்சிகினு கீறான்? அந்தக் கிளாச அயிச்சிடு!"

தாட்சாயிணி முடியாது என்றாள். இருப்பதை இருக்கிறபடி எழுதத்தானே இத்தனை பாடு? வேண்டுமானால் மூக்கைத் திருத்துகிறேன் என்றாள். அசலைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினாள். இன்னும் முன்சீப் ஆனது. தாடையைத் திருத்தினாள். முன்சீப் கோபமாக இருப்பதுபோல் ஆனது.

கடைசியில் அவர் பஞ்சாயத்தைக் கூட்டி, அசல் படத்தைக் கொண்டுவரச் செய்து, பக்கத்தில் நாற்காலி போட்டுத் தானே உட்கார்ந்தார். ஊர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதே மூக்கு, அதே தாடை, அதே தொங்கிய கீழுதடு. துரை வெள்ளையாக இருந்த வரைக்கும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"இவ மேல தப்பில்லீங்க" என்றான் நாகேந்திரன் மெதுவாக. "நீங்கதான் அவர மாதிரி கீறீங்க."

முன்சீப் குடையை எடுத்துக்கொண்டார். பிறகு, "கிளாசுல கீறது மோருன்னு எய்தி ஒட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒட்டினாள்.

பார்த்து எழுத வேறு படம் இல்லாததால், துரை படத்தையே அடுத்த ஏழு வருஷத்தில் பதினெட்டு முறை எழுதினாள். ஒன்றை முன்சீப்பின் மனைவி ராஜம்மாவே கேட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டினாள். பிறகு கங்காதரனுக்கு எங்கிருந்தோ ரோஜா நிறம் கிடைத்தது. அதை வைத்து எழுதிய அடுத்த படத்தில் வெளிச்சம் கன்னத்தில் சரியாக விழுந்தது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடியது. எது அசல் என்று அவளே ஒரு நிமிஷம் தடுமாறினாள்.

எல்லம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இன்னா தாட்சா, முன்சீப் சாடையே இல்லியே! கை மறந்துபோச்சா?"

தாட்சாயிணி அன்று வடை சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள்.