தளேகாவ் ஸ்டேஷனில் கிடைத்த பதில்

அன்பானவர்களே, சொல்ல வெட்கமான ஒன்றையும் மறைக்காமல்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

நாங்கள் மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் செல்வராஜுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. நினைவு தேறவில்லை. வேலையில் சரளமாகப் பேசிய இந்தி, மராத்தி எல்லாம் போய்க் கொஞ்சம் தமிழ் மட்டும் மிஞ்சியது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வது, இதிலேயே என் நாட்கள் போயின. ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்.

சென்ற ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை.

நான் உடனே ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ‘அப்பாடா’ என்றது மனது. ஒரு நிமிடம்தான். பிறகு எழுந்து வாசலுக்கு ஓடினேன். “ஆண்டவரே, என்னால முடியல. நீரே அவரைப் பிடிச்சுக்கும்” என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

மழை கொட்டியது. வாட்ச்மேன் பார்க்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் தமிழ்ச் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் படத்தைப் போட்டு, ‘தமிழ் மட்டும்தான் புரியும்’ என்று எழுதினேன். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. அந்த குரூப்பில் யார் கஷ்டத்துக்கும் நான் ஒரு வரி பதில் போட்டதில்லை.

சபையில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் மேரி அக்கா, “நான் சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் போறேன்” என்று போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் அடுத்த ஸ்டேஷனான ஆகுர்டிக்குக் கிளம்பினார். படம் வேறு தமிழ் குரூப்புகளுக்கும் போனது. முகமே தெரியாதவர்கள் தேடிய இடங்களை எழுதினார்கள்.

ஐந்தரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். தட்டுத்தடுமாறிய தமிழ்.

“ஆன்ட்டி, அங்கிள் தளேகாவ் ஸ்டேஷன்ல இருக்கார். நனைஞ்சுட்டார், வேற ஒண்ணும் இல்ல. நான் கூடவே இருக்கேன்.”

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது தளேகாவ்; எப்படியோ ஏறிப் போயிருக்கிறார். அவள் பெயர் பிரியா. அங்கே ஒரு கம்பெனியில் வேலை. கோந்த்வாவில் இருக்கும் அவள் அம்மா அவர்கள் தமிழ் குரூப்பில் என் செய்தியைப் போட்டிருக்கிறார். நானும் மேரி அக்காவும் போனபோது, என் கணவர் அவள் துப்பட்டாவால் தலை துவட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். யார் இந்தியில் கூப்பிட்டும் அசையாதவர், “வாங்க அங்கிள், டீ குடிக்கலாம்” என்று அவள் தமிழில் கூப்பிட்டதும் எழுந்து வந்தாராம்.

“எங்களை உனக்குத் தெரியவே தெரியாதேம்மா?”

“குரூப்ல எல்லாரும் ‘நான் போறேன், நான் போறேன்’னு போட்டிருந்தாங்க ஆன்ட்டி. அதைப் படிச்சுட்டு நான் மட்டும் எப்படி வீட்டுக்குப் போறது?”

அங்கேயே அழுதுவிட்டேன். என் ஆண்டவர் அவரைப் பிடித்துக்கொண்ட கை அவளுடையது.

அவர் குணமாகிவிடவில்லை. நான் இன்றும் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமைகளில் மேரி அக்கா வந்து அவரோடு இரண்டு மணி நேரம் இருக்கிறார். போன மாதம் அந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் தவித்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக டாக்டரிடம் பேசப் போனேன். குரூப்பில் பார்த்த செய்திதான்.

நீண்ட ஜெபம் பண்ணத் தெம்பில்லாதவர்கள் இங்கே இருப்பீர்கள். முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், கூட இருக்கிறவர்களிடமும் சொல்லுங்கள். அவர் ஆள் அனுப்புவார். எனக்கு அனுப்பினார். அவருக்கு நன்றி.